கதிரையும் துலாவும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முற்காலத்தில் ஒருவர் பட்டையைப் பிடிக்க, மற்றொருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தனர். அவர்தம் பிள்ளைகள் பலர் கல்வி கற்றுக் கந்தோர்க் கதிரைகளில் அமர்ந்தனர். மூளை உழைத்தது, கால்கள் ஓய்ந்தன.

அவ்வோய்வின் விலை யாது? இலண்டன் மாடிப் பேருந்து ஊழியரை ஆராய்ந்த மருத்துவர் ஜெரி மொறிஸ், நாள்முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிடப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இருதயநோய் குறைவென்று 1953இல் எடுத்துக்காட்டினார். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை குருதியை மேலே தள்ளுகின்றது. அமர்ந்திருக்கையில் அது சோம்புகின்றது.

ஆயினும் அசையாது நெடுநேரம் நிற்றலும் நன்றன்று. கால் நாளங்கள் புடைக்கும். எனவே அரைமணிக்கொருமுறை எழுதலும், சில கோப்புகளை நின்றே பார்த்தலும், சற்று நடத்தலும் நலந்தரும். துலா மறைந்தது, கால்களின் கடமை மறையவில்லை.