கண்டியில் கால்நடையாக ஒரு நாள்

முற்காலத்திலே திருத்தலங்களுக்குச் சென்றவர்கள் நடந்தே சென்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் காடும் மணலும் கடந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. அதற்கு யாத்திரை என்று பெயர். உல்லாசப் பயணம் என்பது வேறு. வண்டி வாயிலிலே இறக்கிவிடும். பயணிகள் உள்ளே போய்ப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு மீண்டும் வண்டியில் ஏறுவர். இரு சாராரையும் பிரிப்பது பக்தி ஒன்று மாத்திரம் அன்று, வழியும் பிரிக்கின்றது. யாத்திரிகன் ஒரு தலத்துக்கும் மற்றத் தலத்துக்கும் இடையே உள்ள நிலத்தை அறிவான். வண்டியிற் செல்பவனோ தலங்களை மாத்திரம் அறிவான். அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதை அறியான்.

அவ்வுறவை ஒரே பகலில் நடந்து அறிதற்கு ஏற்ற நகரம் இலங்கையில் ஒன்று உண்டெனின் அது கண்டி ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த இந்நகரம் 1815 ஆம் ஆண்டுவரை சுதந்திர இராசதானியாக விளங்கியது. 1988 இல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. புத்தர், நாதர், விட்டுணு, பத்தினி, கந்தன், கிறித்து ஆகியோருக்குரிய ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இங்கே காலால் நடந்து எட்டக்கூடிய தூரத்தில் உள்ளன.

நடையைத் தொடங்குதற்கு உரிய வேளை அதிகாலை. தொடங்குதற்கு உரிய இடம் தலதா மாளிகை. பொழுது விடியுமுன்னரே அங்கு முரசும் ஊதுகுழலும் ஒலிக்கத் தொடங்கிவிடும். நாள்தோறும் காலை, முற்பகல், மாலை என மூன்று வேளையும் அங்கே தேவாவ என்னும் பூசை நடைபெறுகின்றது. வெண்ணிற ஆடையும் கையில் தாமரையும் அல்லிப்பூவும் கொண்ட அடியார்கள் வரிசையாக நிற்பர். வந்த பயணியும் மிதியடியைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறைய உடுத்து, அவ்வரிசையிலேயே நிற்றல் வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்தல் இங்கே பெரும் அவமதிப்பு.

மாளிகையில் உள்ள தந்ததாது கி.பி. நான்காம் நூற்றாண்டில் கலிங்க நாட்டிலிருந்து, அரசகுமாரி ஏமமாலையின் கூந்தலில் மறைத்து, அவள் கணவன் தந்தகுமாரனால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது என்பது வரலாற்று மரபு. தாதுவைக் காப்பவனே நாட்டை ஆளும் உரிமை உடையவன் என்னும் கொள்கை பின்னர் வேரூன்றியது. ஆதலால் தலைநகர் மாறிய போதெல்லாம் தாதுவும் உடன் சென்றது. இப்போதுள்ள மாளிகையின் மூலப் பகுதி 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திர சிங்கன் காலத்தது. முகப்பில் உள்ள எண்கோண மண்டபத்தையும், அதன் எதிரே விளங்கும் ஏரியையும் அமைத்தவன் கண்டியின் இறுதி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன்.

மாளிகையை விட்டு வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் நாத தேவாலயம் வரும். இது பதினான்காம் நூற்றாண்டில் எழுந்தது. கண்டியில் இன்று நிற்கும் கட்டிடங்களுள் மிகப் பழையது. கல்லால் ஆகிய அதன் அமைப்பைக் காணும் தமிழர், தென்னிந்தியக் கோயில் ஒன்றின் சாயலை அதிலே எளிதிற் காண்பர். நாதர் என்பவர் அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர். புதிய மன்னர் தம் அரசுப் பெயரை ஏற்கும் சடங்கு இவர் சந்நிதியிலேதான் நடைபெற்றது. வளாகத்தில் அரசமரமும் சிறு தாதுகோபமும் உள்ளன. வீதியின் மறுபுறத்தில் படிகள் ஏறிச் சென்றால் விட்டுணு தேவாலயம். அங்கே திருமால் புத்த சமயத்தின் காவல் தெய்வமாக வழிபடப் பெறுகின்றார். கபுறாளை என்னும் பூசகர் திரைக்கு அப்பால் நின்று, பழத்தட்டுடன் வந்தோரின் வேண்டுதலைத் தெய்வத்துக்கு எடுத்துரைப்பார்.

மீண்டும் கீழே இறங்கி வந்தால் பத்தினி தேவாலயம். இங்கே தமிழ்ப் பயணி சிறிது நேரம் நிற்றல் தகும். ஏனெனில் பத்தினித் தெய்வம் என்பவள் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவிலே இலங்கை வேந்தன் கயவாகுவும் இருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. கசபாகு மன்னன் பத்தினியின் சிலம்பை இந்நாட்டுக்குக் கொணர்ந்தான் என்பது சிங்கள மக்களிடையே வழங்கும் மரபு. வற்றாப்பளையிலும் மட்டக்களப்பு ஊர்களிலும் வைகாசியிலே கண்ணகை அம்மனாக வழிபடப்படுபவளும், கண்டியில் கொள்ளை நோய் வாராமற் காப்பவளாகப் போற்றப்படுபவளும் ஒருத்தியே. குழந்தையின் நோய் தீர வேண்டி இங்கே விளக்கேற்றும் சிங்களத் தாயும், கிழக்கிலே அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவிக்கும் தமிழ்த் தாயும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் நிற்பது ஒரே வாயில். ஏடுகளிற் படித்து அறிந்த இச்செய்தி, அவ்வாயிலிலே நிற்கும்போதுதான் நெஞ்சிற் பதியும்.

தேவாலயங்களின் பக்கத்திலேயே செங்கற் சுவர்களுடன் புனித பவுல் தேவாலயம் நிற்கின்றது. இஃது அங்கிலிக்கன் சபைக்கு உரியது. இதன் கட்டிட வேலை 1843 இல் தொடங்கியது. கண்டி இராசதானி வீழ்ந்து முப்பது ஆண்டுகள் நிரம்புமுன், அரசரின் கோயில்கள் சூழ்ந்த நிலத்தருகே ஆளவந்தோர் தம் கோயிலை எழுப்பினர். அன்று அது வெற்றியின் சின்னமாகவே பலர் கண்ணுக்குத் தோன்றியிருத்தல் கூடும். இன்று அங்கே மன்றாடுவோர் இந்நாட்டு மக்கள். ஞாயிறு காலையில் ஒரு புறம் பாடலும் மறுபுறம் முரசும் கேட்கும். வந்த முறை எதுவாயினும், அயலாராக நெடுங்காலம் வாழ்ந்த பின் அந்நியம் என்பது தேய்ந்துவிடுகின்றது.

நண்பகல் உணவுக்குப் பின் நடை கடைத்தெருக்களினூடே செல்லும். கொட்டுகொடல்ல வீதியிலே, கடைகளின் நெருக்கத்திடையே கதிர்காம தேவாலயம் உள்ளது. சிங்கள மக்கள் கதிர்காமத் தெய்யோ என அழைக்கும் முருகன் இங்கே வீற்றிருக்கின்றான். மற்றை மூன்று தேவாலயங்களிலும் கபுறாளைமார் பூசை செய்ய, இங்கே பூசை செய்வோர் பிராமணர். வணங்குவோரிற் பெரும்பாலோர் பௌத்தர். நகரத்தின் பிற தெருக்களிலே மீரா மக்காம் முதலிய பள்ளிவாசல்கள் உள்ளன. தொழுகை நேரத்தில் பாங்கொலி கடைத்தெருவின் ஆரவாரத்துக்கு மேலாக எழும். தொழுகை வேளையில் உட்புகாது, பின்னர் அனுமதி கேட்டுச் செல்வதே விருந்தினர்க்கு அழகு.

பேராதனை வீதி வழியே மேலும் நடந்தால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வரும். மாளிகையிலிருந்து இங்கு வருதற்கு அரைமணி நேரம் போதும். மணியோசையும் திருநீறும் தேவாரமும் தமிழருக்குப் பழகியவை. ஆயினும் இக்கோயிலுக்கும் காலையிற் கண்ட தலங்களுக்கும் ஓர் உறவு உண்டு. அதை அறிதற்கு எசல பெரஹராவின் ஒழுங்கை அறிதல் வேண்டும்.

ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வரும் இவ்விழா முதலில் நாதர், விட்டுணு, கதிர்காமர், பத்தினி என்னும் நான்கு தெய்வங்களுக்கும் உரியதாகவே இருந்தது. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி சிறீ இராசசிங்கன், மதுரை நாயக்கர் உறவினன். சைவச் சூழலிற் பிறந்தவன். அவனே சீயத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து, 1753 இல் இந்நாட்டின் சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தவன். தெய்வங்களின் ஊர்வலத்திலே புத்தருக்கு இடமில்லாமையை அப்பிக்குமார் சுட்டிக்காட்டியதாகவும், மன்னன் தந்ததாதுவை முன்னே செல்லப் பணித்ததாகவும் கூறுவர். அன்று தொட்டு, முதலிலே தாதுப் பேழை ஏந்திய யானையும், அதனைத் தொடர்ந்து நாதர், விட்டுணு, கதிர்காமர், பத்தினி ஆகியோரின் பெரஹராக்களும் முறையாகச் செல்கின்றன. எவரையும் விலக்கவில்லை, எவருக்கு எவ்விடம் என்பது மாத்திரம் வரையறுக்கப்பட்டது. விழாவின் முடிவிலே தேவாலயத்தார் கெட்டம்பேயில் மகாவலி கங்கைக்குச் சென்று நீர் வெட்டும் சடங்கை நிறைவேற்றுவர். திரும்பும் வழியில் அவர்கள் தங்குமிடம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில். அங்கே வழிபாடு முடித்த பின்னரே பகற் பெரஹராவிற் சேர்வர்.

ஆகவே பகல் முழுவதும் நடந்தவர் கண்டது தனித்தனிக் கோயில்களை அன்று; ஓர் ஒழுங்கை ஆகும். அவ்வொழுங்கு தானாக முளைத்ததன்று. மனிதர் ஆராய்ந்து அமைத்தது. மனிதர் அமைத்ததை மனிதரே குலைத்தலும் கூடும். 1983 யூலையில் இந்நகரிலே தமிழர் கடைகள் தீக்கிரையாயின. 1998 சனவரி 25 இல் விடுதலைப் புலிகள் தலதா மாளிகை வாயிலில் வெடிக்கச் செய்த லொறிக் குண்டினால் வழிபட வந்தோரும் அயலிலிருந்தோரும் உயிரிழந்தனர். மாளிகையும் பெரிதும் சிதைந்தது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய முதலான கண்டி மாவட்டத்து ஊர்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மாளிகையின் முன்னே உள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது 1998 இன் பின்னரே. பயணி அனுபவித்த காலை அமைதிக்கும் அத்தகைய ஒரு விலை உண்டு.

இவற்றை மறைத்துக் கண்டியை ஒற்றுமையின் நகரம் என்று புகழ்வது முகமன் ஆகும். இவற்றை மாத்திரம் கூறி, அயலார் அயலாராக வாழ முடியாது என்பதும் உண்மையாகாது. ஒவ்வொரு முறையும் சிதைந்த சுவர் மீண்டும் எழுந்தது. கடை மீண்டும் திறந்தது. பெரஹரா மீண்டும் அதே ஒழுங்கிற் சென்றது. சுவரைத் திருத்துதல் கொத்தனால் ஆகும். அயலவர் மீது கொள்ளும் நம்பிக்கையைத் திருத்துதல் ஒவ்வொருவரும் செய்யவேண்டிய வேலை.

அவ்வேலைக்குக் கால்நடை சிறு துணை செய்யும். நடப்பவர் ஒரே நாளிற் பலமுறை மிதியடியைக் கழற்றி மாட்டுகின்றார். ஓரிடத்தில் தலையை மூடவும், ஓரிடத்திலே தொப்பியை எடுக்கவும், பிள்ளையார் கோயிலிலே ஆடவர் மேற்சட்டை களையவும் கற்கின்றார். தமக்குரியது அல்லாத இடத்தில் அவ்விடத்தின் முறைப்படி நடத்தல் என்பதே அங்கெல்லாம் கற்கும் பாடம். பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்வோரும், ஒரு நாளில் ஐந்து நகரங்களைக் காட்டுவதை விடுத்து, ஒரு நகரத்தில் ஐந்து வாயில்களுக்கு இவ்வாறு நடத்திச் செல்வாராயின் பிள்ளைகள் பெறும் பயன் பெரிது.

மாலை ஆறரை மணியளவில் மாளிகையின் முரசு மீண்டும் ஒலிக்கும். ஏரிக்கரையில் ஓய்ந்து அமரும் பயணி அவ்வொலியைக் காலையிற் கேட்டது போலக் கேளார். அவ்வொலி எட்டும் எல்லைக்குள்ளே கண்ணகியும் கந்தனும் கிறித்துவும், பாங்கொலி எழும் பள்ளியும் உள்ளமையை அவர் கால்கள் இப்போது அறியும்.