கொடிவழித் தேடலில் கண்ட குடும்பப் பெயர்கள்

மேலைநாட்டார் தம் பெயருக்குப் பின் குடும்பப் பெயரையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து செல்கின்றனர். தமிழரிடையே அம்மரபு பெரிதும் வேரூன்றவில்லை. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கிறது. மகன் காலத்தில் அவ்வெழுத்தும் மாறிவிடுகிறது. ஆகவே கொடிவழி வரையப் புகுவார் பாட்டனாரின் பாட்டனாரை எட்டுமுன்னரே திகைத்து நின்றுவிடுவர். ஒரே ஊரில் முகம்மது மீரான்கள் பதின்மர் இருப்பின் அவருள் நம்மவர் எவர் எனத் தெளிவது எங்ஙனம்? இவ்விடத்தில் கைகொடுப்பவை, இன்று பலரும் எழுதாது விட்டுவிட்ட பட்டப்பெயர்களும் வீட்டுப்பெயர்களுமே.

எம் குடும்பக் கொடிவழியை எழுதும்பொருட்டுப் பழைய கிரையப் பத்திரங்கள், பள்ளிவாசல் திருமணப் பதிவேடு, மீசான் கற்கள், அரபுத் தமிழில் அமைந்த சில கடிதங்கள் ஆகியவற்றை ஆராய்ந்தோம். மரைக்காயர், இராவுத்தர், லெப்பை என்பன எதிர்பார்த்த பெயர்களே. அவற்றிடையே நகுதா, மாலிம், சுக்கானி, ஒஸ்தா என நின்ற பெயர்கள்தாம் எம்மை வியப்பில் ஆழ்த்தின.

அறிந்த பெயர்களிலும் அறியவேண்டுவன உள. இராவுத்தர் என்பது குதிரை வீரரைக் குறிக்கும் சொல். அருணகிரிநாதர் முருகப்பெருமானையே இராவுத்தன் என விளித்துள்ளார் என்பது மாணவர் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கும். நயினார் என்பது முசுலிம்களுக்கும் தமிழ்ச் சமணர்க்கும் பொதுவான பெயர். மரைக்காயர் என்பதை மரக்கலத்தோடும், கப்பலைக் குறிக்கும் மர்கப் என்னும் அரபுச் சொல்லோடும் இணைத்துப் பொருள் கூறுவர். மரக்கலம் என்பதே எமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது. இப்பெயர் மலையாளக் கரையில் மரக்கார் ஆயிற்று. 1600-இல் கோவாவில் போர்த்துக்கீசியரால் கொல்லப்பட்ட குஞ்ஞாலி மரக்காரை அறியாதார் யார்? இலங்கையில் இது மரிக்கார், பினாங்கிலோ மெரிக்கன்! அங்கே 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு தொடர்புடைய காதிர் முகைதீன் இப்பெயர் பூண்டவரே. வரலாறு அறியாதார் செவியில் அது 'அமெரிக்கன்' என விழுந்தாலும் வியப்பில்லை.

இனி, அரிய பெயர்களுக்கு வருவோம். நகுதா பாரசீகச் சொல். 'நாவ்' கப்பல், 'குதா' தலைவன். சுக்கானைப் பிடிப்பவன் சுக்கானி. சுக்கான் என்பதும் அரபு தந்த சொல்லே. மாலிம் என்பது 'முஅல்லிம்' என்பதன் திரிபு. அதன் நேர்ப்பொருள் ஆசிரியன். விண்மீனும் காற்றும் அறிந்து கப்பலுக்கு வழிகாட்டியவனை அரபு மாலுமிகள் ஆசிரியன் என்றே அழைத்தனர். 1498-இல் மலிந்தித் துறையிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வாஸ்கோ ட காமாவின் கலங்களுக்கு வழிகாட்டியவனைப் போர்த்துக்கீசியர் 'மாலெமோ' எனக் குறித்ததும் இச்சொல்லாலேயே. நாம் நாள்தோறும் வழங்கும் 'மாலுமி' என்னும் சொல்லும் இதன் வழிவந்ததே. பழந்தமிழ் மீகாமன் என்றது. பிற்காலத் தமிழ் ஆசிரியன் என்ற பொருளுடைய சொல்லை ஏற்றுக்கொண்டது. பத்திரங்களில் சிதறிக்கிடந்த இப்பெயர்களை ஒருங்கே வைத்து நோக்கியபோது, தலைவன், வழிகாட்டி, சுக்கான் பிடிப்பவன் என ஒரு மரக்கலமே எம் கொடிவழியில் மிதந்து வந்தது.

ஒஸ்தா என்னும் பெயரில்தான் இடர் தோன்றிற்று. அது எம் தாய்வழிக் கிளையொன்றில் திருமணப் பதிவேட்டில் காணப்பட்டது. முடிதிருத்துதலும் சுன்னத்துச் செய்தலும் தொழிலாகக் கொண்டோரை அச்சொல்லால் வழங்குவது உண்டு. முதிய உறவினர் ஒருவர் அதனை நீக்கிவிடுமாறு எம்மை வேண்டினார். "பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் பார்க்கமாட்டார்களா, தம்பி?" என்பது அவர் கேள்வி. அவரது அச்சம் பொய்யன்று. கப்பல் தலைவனின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க விரும்பும் அதே குடும்பங்கள் கத்தி பிடித்தவனின் பெயரை மறைக்க முயல்கின்றன. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென மிம்பரில் கேட்டுவிட்டு, மணப்பேச்சில் அதனை மறந்துவிடுகிறோம்.

ஆயின் அச்சொல்லின் பிறப்பை நோக்குக. ஒஸ்தா என்பது 'உஸ்தாத்' என்பதன் குறுகிய வடிவம். அதன் பொருளும் ஆசிரியன், கைதேர்ந்தவன் என்பதே. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கானின் பெயருக்கு முன் நின்று பெருமை பெறும் சொல் அது. மதரசாவில் ஓதிக்கொடுப்பவரையும் நாம் உஸ்தாத் என்றே மதிப்புடன் அழைக்கிறோம். பொருளளவில் மாலிமும் ஒஸ்தாவும் உடன்பிறந்தோர். கடலோடியவனுக்கு ஒன்று, கரையில் இருந்தவனுக்கு மற்றொன்று. இதனைப் பெரியவரிடம் விளக்கினோம். அவர் முழுதும் உடன்பட்டார் எனக் கூறுவதற்கில்லை. எனினும் பெயரை நீக்கவில்லை; பதிவேட்டில் உள்ளவாறே எழுதினோம்.

கொடிவழி எழுத விழையும் மாணவர்க்கு மற்றொன்றும் கூறவேண்டும். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் வீடு மகளுக்கே சேர்வதும், மணமகன் மனைவியின் இல்லத்தில் வாழ்வதும் வழக்கம். அங்கு வீட்டுப்பெயர் பெண்வழியே இறங்குகிறது. தலைப்பெழுத்தோ ஆண்வழியே செல்கிறது. தந்தையின் எழுத்தை மட்டும் பற்றிச் செல்பவர் வீட்டைத் தவறவிட்டுவிடுவார். பத்திரத்தைப் புரட்டுமுன் வீட்டு மூதாட்டியரிடம் சென்று, அவர்தம் தாயார் எந்த வீட்டார் என வினவி, அவர் சொன்ன ஒலிப்பு மாறாமல் எழுதிக்கொள்க.