புகை ஏன் மேலெழவில்லை?

நுழையும்முன்

உயரே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், குளிர்கால இரவுகளில் நிலத்தருகே இம்முறை தலைகீழாகிறது. மக்கள் உள்ளிழுக்கும் காற்றின் தூய்மையை அம்மாற்றம் எவ்வாறு பாதிக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் லேக் கார்டன்ஸ் அமைந்துள்ளது. அதன் வடக்கே, இருப்புப்பாதைக்கு அப்பால், இரவீந்திர சரோவர் என்னும் ஏரி பரந்துள்ளது. 1920களில் தோண்டப்பட்ட இவ்வேரி, 1958இல் கவிஞர் இரவீந்திரநாத் தாகூரின் பெயரைப் பெற்றது. டிசம்பர், ஜனவரி மாதங்களில், காற்று அசையாத மாலைப்பொழுதில், இப்பகுதியில் ஒரு காட்சியைக் காணலாம். சருகு எரிக்கும் புகையும் தெருவோர அடுப்புகளின் புகையும் சிறிது மேலெழும். பின்னர்ப் பக்கவாட்டில் பரவி, மெல்லிய படலமாக அங்கேயே தங்கிவிடும். கோடைக்கால நண்பகலிலோ அத்தகைய புகை உயர எழுந்து கலைந்துவிடும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

காற்றைச் சூடாக்குவது நிலமே

கதிரவனின் ஒளி, காற்றை ஊடுருவி வரும்போது அதனைச் சிறிதளவே சூடாக்குகிறது. ஒளியின் பெரும்பகுதியை நிலமும் நீருமே ஏற்கின்றன. சூடேறிய நிலம் தன்னைத் தொட்டிருக்கும் காற்றுக்கு வெப்பத்தைத் தருகிறது. அக்காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, மேலெழுகிறது. உயரத்தில் அழுத்தம் குறைவாதலால் அது மேலும் விரிந்து குளிர்கிறது. அடிவளி மண்டலத்தில் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை குறைகிறது. இதனை வெப்பக் குறைவு வீதம் என்பர்.

நிலத்தை ஒட்டிய முதல் சில மீட்டர்களில் இம்மாற்றம் மிக விரைவானது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலை பாதத்தைச் சுடும். தலையின் உயரத்தில் காற்று அவ்வளவு சுடாது. ஆகவேதான் வானிலை நிலையங்களில் வெப்பமானிகளைத் தரையில் வைப்பதில்லை. ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெண்ணிறப் பெட்டிக்குள் வைக்கின்றனர். 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைமையிடம் கொல்கத்தாவே. இன்று லேக் கார்டன்ஸுக்கு அருகிலுள்ள அலிப்பூரில் அத்துறையின் மண்டல மையம் இயங்குகிறது.

இரவில் நிகழும் தலைகீழ் மாற்றம்

கதிரவன் மறைந்தபின் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானில் இழக்கிறது. மேகம் இருப்பின் அது போர்வைபோல் அவ்வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானும் அசையாத காற்றும் நீண்ட இரவும் ஒன்றுசேரும் குளிர்காலத்தில் நிலம் விரைந்து குளிர்கிறது. அதனைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருக்கிறது. இவ்வாறு கீழே குளிரும் மேலே வெப்பமும் அமைவதே வெப்பத் தலைகீழ் மாற்றம்.

குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஆதலால் அது மேலெழாது. மேலுள்ள வெப்பக் காற்று, பானையின் மீது வைத்த மூடிபோல் அமைகிறது. அடுப்பும் வண்டியும் வெளியிடும் புகை அம்மூடிக்குக் கீழேயே சிறைப்படுகிறது. காலையில் வெயில் ஏறி நிலம் சூடான பின்னரே மூடி விலகுகிறது.

இருவேறு சான்றுகள்

நீலகிரியில் உதகையின் பள்ளத்தாக்குகளில் இம்மாற்றத்தின் மற்றொரு விளைவைக் காணலாம். இரவில் குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து தாழ்நிலத்தில் தேங்குகிறது. அதனால் பள்ளத்துப் புல்வெளியில் உறைபனி படர்ந்து தேயிலையும் காய்கறிப் பயிர்களும் கருகுகின்றன. மேட்டுச் சரிவுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

1952 டிசம்பரில் இலண்டன் மாநகரில் இத்தகைய மூடி ஐந்து நாள்கள் விலகாமல் நின்றது. நிலக்கரிப் புகை நகரை மூடியது. ஏறத்தாழ 4000 பேர் உயிரிழந்தனர் என முதலில் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அதனினும் மிகுதி என்கின்றன. அதன் விளைவாக 1956இல் அங்குத் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது.

வானின் மூடியை மனிதரால் அகற்ற இயலாது. அதன்கீழ் சேரும் புகையைக் குறைக்க இயலும். குளிர்கால மாலையில் எரிக்கப்படும் ஒரு கூடைச் சருகின் புகை, அத்தெருவின் குழந்தைகளும் முதியோரும் உள்ளிழுக்கும் காற்றிலேயே இரவு முழுதும் தங்குகிறது. அச்சருகை மண்ணில் புதைத்தால் அது உரமாகும்.

சொற்பொருள்

வீதம் – விகித அளவு
ஊடுருவி – உட்புகுந்து கடந்து
சரிவு – சாய்ந்த நிலப்பகுதி
இயலும் – முடியும்

வினாக்கள்

1. நிலமே காற்றைச் சூடாக்குகிறது என்பதை விளக்குக.
2. மேகமுள்ள இரவில் குளிர் குறைவாக இருப்பது ஏன்?
3. வெப்பக் காற்று மூடியாக அமைவது எவ்வாறு?
4. உமது பகுதியில் காலையிலும் நண்பகலிலும் புகை செல்லும் திசையை உற்றுநோக்கி ஐந்து வரிகளில் எழுதுக.