மரப் பறவைகள் அழைத்து வந்த கூட்டம்

மழைக்காலம் முடிந்ததும் பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் சற்று நின்றால் மீசை ஆலாக்களைப் பார்க்கலாம். நீரை உரசுவது போலத் தாழப் பறந்து, சட்டென்று குனிந்து இரை கொத்திப் போகும். இங்கே அவை குளிர்கால விருந்தாளிகள் மட்டுமே. அவற்றின் உறவுகளான கடல் ஆலாக்களுக்குக் கூடு வைக்க ஆளரவமற்ற தீவு வேண்டும். பெரும்பாலானவை வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும். நாயோ எலியோ மனிதக் காலோ நுழைந்தால் அந்த வருடத்துக் குஞ்சுகள் அவ்வளவுதான்.

சரி, தீவைக் காவல் காத்துவிட்டால் பறவைகள் திரும்பிவிடுமா? திரும்புவதில்லை. வேடந்தாங்கல் மரங்களில் கூடுகள் நெருக்கியடிப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். கூட்டமாக வாழும் பறவை, தன் இனம் ஏற்கெனவே இருக்கும் இடத்தைத்தான் நம்பும். ஆளில்லாத வீட்டில் அது குடியேறாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் ஸ்டீபன் கிரெஸ். மெய்ன் மாநிலக் கடலில் ஈஸ்டர்ன் எக் ராக் என்றொரு சிறு தீவு. அங்கிருந்த பஃபின் பறவைகளை இறைச்சிக்காக வேட்டையாடி 19-ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்துவிட்டார்கள். 1973-இல் கிரெஸ் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்தார். புல்மண்ணில் வளை தோண்டி, கையால் மீன் வைத்து வளர்த்துக் கடலுக்கு அனுப்பினார். பிறகு காத்திருப்பு. பஃபின் கரை திரும்பவே இரண்டு மூன்று வருடம் ஆகும். திரும்புகிறவை வெறும் பாறையைக் கண்டு மிரளக் கூடாது என்று, வண்ணம் பூசிய மரப் பஃபின்களைப் பாறை மேல் நிறுத்தினார். 1981-இல் முதல் ஜோடிகள் கூடு வைத்தன. தொடங்கி எட்டு வருடம்! இவ்வளவு பொறுமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆலாக்களையும் அவர் இப்படித்தான் வரவழைத்தார். பொம்மைகளோடு, பதிவு செய்த குரலையும் ஒலிக்க விட்டார். ஆலாக்கள் சீறிப் பாய்ந்து கடற்காகங்களைத் துரத்துவதால் பஃபின் குஞ்சுகளுக்கும் காவல் கிடைத்தது. அழிந்தே போனதாகக் கருதப்பட்டு 2000-இல் மறுபடி கண்ணில் பட்ட சீனக் கொண்டை ஆலாவையும், 2013-இல் சீனத் தீவு ஒன்றில் இதே உத்திதான் கூடு வைக்கச் செய்தது.

நம் பக்கத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல் தீடைகள் இருக்கின்றன. ஆலாக்கள் இன்றும் அங்கே முட்டையிடுகின்றன. தன் பக்கத்துத் தீடைகளை இலங்கை 2015-இல் தேசியப் பூங்காவாக்கியது. 1986-இல் அறிவிக்கப்பட்ட நமது மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இந்தியத் தீடைகள் சேரவில்லை, சேர்த்திருக்க வேண்டும். முட்டையின் புள்ளிகள் மணலோடு மணலாகக் கலந்துவிடுவதால் மிதிப்பவருக்கு மிதித்ததே தெரியாது. தாய்ப்பறவை மிரண்டு எழுந்து கொஞ்ச நேரம் விலகி இருந்தாலும் வெயிலில் கரு வெந்துவிடும். மரப் பொம்மை வைத்துக் கூப்பிடும் நிலை அங்கே இன்னும் வரவில்லை. கூடு வைக்கும் மாதங்களில் படகுகள் அந்தத் தீடைகளில் ஒதுங்காமல் இருந்தால் போதும்.