திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

வீட்டில் சதுரங்கப் பலகை இருக்கிறதா? எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் இருந்தால் முதலில் அதை இறக்கி விடுங்கள்!

நம் நாட்டில் பிறந்த சதுரங்கம் பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போய் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. அந்த ஆட்டத்தில் புகழ்பெற்ற புதிர் ஒன்று. அதோடு ஒட்டிக்கொண்ட கதையும் உண்டு. பிரபு ஒருவர் பணயம் வைத்துப் பணயம் வைத்து எல்லாவற்றையும் தோற்றார். கடைசியில் மனைவி தில்ஆராமையே வைத்தாராம். 'நெஞ்சுக்கு இதம்' என்று பொருள்படும் பெயர்! பாஞ்சாலிக்கு நேர்ந்ததேதான், இங்கே பகடை இல்லை, அவ்வளவே.

வெள்ளைக் காய்கள் பிரபுவுடையவை. மூலைக் காயைத் தேர் என்கிறேன். வலது ஓர நெடுவரிசையில், கீழிருந்து முதல் கட்டத்தில் தேர், 3-இல் யானை, 4-இல் இன்னொரு தேர். பக்கத்து நெடுவரிசையில் 4-இல் குதிரை, 6-இல் சிப்பாய். அதற்கடுத்ததில் 6-இல் மற்றொரு சிப்பாய். எதிரி ராஜா, குதிரை நிற்கும் நெடுவரிசையின் உச்சியில். ஆனால் எதிரியின் தேர்கள் பிரபுவின் ராஜாவை நெருக்கிவிட்டன. இன்னும் ஒரே நகர்த்தல், மாட்!

பிரபுவுக்குக் கை ஓடவில்லை. திரைக்குப் பின்னிருந்து தில்ஆராம் குரல் கொடுத்தாள்: இரண்டு தேரையும் கொடுத்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று.

இருக்கிற பலத்த காய்களையா கொடுப்பது? நகர்த்திப் பாருங்கள். மேலே நிற்கும் தேரை உச்சி மூலைக்குத் தள்ளுங்கள். செக்! ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. வெட்டியே ஆக வேண்டும். அடுத்து யானை. அக்காலத்து யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், நடுவில் குதிரை நின்றாலும் சரி. அது விலகியதும் கீழ்மூலைத் தேரிடமிருந்து செக்! எதிரி தன் தேரைக் குறுக்கே போடுகிறான். வெட்டுங்கள். ராஜா பழைய கட்டத்துக்கு ஓடுகிறார். இப்போது இரண்டாவது தேரையும் அதே உச்சி மூலைக்கு அனுப்புங்கள். மறுபடி வெட்டுகிறார். குதிரைக்கு மேலே நிற்கும் சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறினால் செக். ராஜா பக்கத்தில் ஒதுங்குகிறார். குதிரை வலது ஓரத்து 6-ஆம் கட்டத்துக்குப் பாய்கிறது. மாட்!

வீட்டிலேயே கெட்டிக்கார ஆட்டக்காரியைத் திரைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருந்தார் பிரபு! அப்புறம் அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்பது கதையில் இல்லை.

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் விதிகள் மாறின. யானையின் இடத்துக் காய் இப்போது தாவுவதில்லை. ஆகையால் இந்தப் புதிரை உங்கள் வீட்டுக்காரருக்குப் போடும்போது யானைத் தாவலை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேர் விஷயத்தைச் சொல்லாதீர்கள்.