தோட்டத்துக் கணப்புக்கு கதவா? வலையா? அசந்தால் ஒரு பொறி போதும்!

1991-ம் ஆண்டு அக்டோபர் 19. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஓக்லாந்து நகரத்து மலைச் சரிவில் புல் தீப்பிடித்தது. தீயணைப்புப் படை பறந்து வந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. தீ அடங்கியது. "அப்பாடா!" என்று ஊர் தூங்கப் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வறண்ட காற்று சுழன்று அடித்தது. சாம்பலுக்கு அடியில் உயிரோடு கிடந்த கங்கு கிளம்பியது. அவ்வளவுதான்!

25 பேர் பலி. மூவாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் நாசம்.

அந்தக் கங்கு எந்த வீட்டுக் கணப்பில் இருந்தும் வந்தது அல்ல. ஆனாலும் கங்கும் காற்றும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடக் கொடூரமான சாட்சி தேவை இல்லை.

"மெட்ராஸ் வெயில்ல வேகிறவனுக்கு கணப்பு எதுக்குய்யா?" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சீசனுக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் இதே ஊர்க்காரர்கள்தானே? அங்கே வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களில் கணப்பு வீட்டுக்குள் இருந்தது. இப்போது அது தோட்டத்துக்கு வந்துவிட்டது. மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே புகைபோக்கி, முன்னால் திறந்த வாய். சுற்றி நாற்காலி போட்டு, குழந்தை குட்டிகளோடு குளிர் காய்கிறார்கள். அமெரிக்காவில் கொல்லைப்புறத்துக்குக் கொல்லைப்புறம் இந்த மோகம்தான்.

அந்தத் திறந்த வாய்க்கு என்ன போடுவது? இதுதான் பிரச்சினை.

பொறி

விறகுக்குள் ஈரமும் பிசினும் இருந்தால் சூட்டில் அது ஆவியாகி, படார் என்று வெடிக்கும். கங்கு நாலு அடி தள்ளி வந்து விழும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் புல் கருகிக் காய்ந்து கிடக்கும். பிப்ரவரியில் இருந்து காட்டுத்தீ சீசன். அந்த நேரத்தில் ஒரு பொறி புல்லில் விழுந்தால்?

அதற்குத்தான் வலை. மெல்லிய கம்பியில் பின்னிய இரும்புத் திரை. ஜன்னல் திரை மாதிரி இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ரகம் உண்டு. மடக்கித் தூக்கி வைக்கிற தட்டி ரகமும் உண்டு. காற்று அடிக்கிற தோட்டத்தில் லேசான தட்டி சரிப்படாது. ஒரு சுழல் காற்றில் குப்புற விழுந்துவிடும். கனமான கால் வேண்டும், அல்லது செங்கல்லில் கொக்கி அடித்து மாட்ட வேண்டும்.

சிலர் காசு மிச்சம் பிடிக்கக் கோழிக்கூண்டு வலையைக் கட்டிவிடுகிறார்கள். கண் பெரிசு. பொறி ஜோராக வெளியே வரும். போதாக்குறைக்கு அதில் துத்தநாக முலாம் இருக்கும். கடுஞ்சூட்டில் அந்த முலாம் புகைந்தால் மூச்சுக்குக் கெடுதல். மலைப் பனியில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் வலை வாங்குவதே உத்தமம்.

புகைபோக்கியின் தலைக்கும் வலை வேண்டும். இதற்குக் கலிபோர்னியாவில் கணக்கே வைத்திருக்கிறார்கள். அரை அங்குல உருண்டை அந்த வலையில் நுழையக் கூடாது. 3/8 அங்குல உருண்டை கட்டாயம் நுழைய வேண்டும்! ரொம்பச் சின்னக் கண்ணாக இருந்தால் கரி அடைத்து, புகை திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

"என்ன கண்ணாடி சார்?"

இனி கதவு. விடுதிக்காரர் ஒருவர் இரும்புப் பட்டறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, கண்ணாடிக் கதவா போட்டுக் குடுங்க. பார்ட்டி பார்த்தா அசந்து போகணும்."

"போட்டுடலாம் சார். என்ன கண்ணாடி?"

"ஏதோ ஒண்ணு. ஜன்னலுக்குப் போடுவீங்களே, அது."

அந்த "ஏதோ ஒண்ணு"தான் ஆளைக் கொல்லும். ஜன்னல் கண்ணாடி முதல் நாளே வெடித்து, கத்தி மாதிரி துண்டு துண்டாகப் பறக்கும். கடையில் "டஃபண்ட்" என்று கேட்டு வாங்குவது அதைவிட மேல். சுமார் 250 டிகிரி சென்டிகிரேடு வரை தாங்கும். உடைந்தாலும் கல்கண்டு மாதிரி உதிரும். ஆனால் விறகு கொழுந்துவிட்டு எரியும்போது கதவைச் சாத்தினால், உள்ளே சூடு ஏறி அதுவும் உடையும். ஊட்டியில் திடீர் தூறல் வழக்கம். கொதிக்கிற கண்ணாடியில் நாலு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் ஆபத்து.

செராமிக் கண்ணாடி என்று ஒன்று உண்டு. சுமார் 700 டிகிரி தாங்கும். தூறலுக்கும் அசையாது. விலைதான் கையைச் சுடும்!

சாதாரண ஆட்களுக்கு நல்ல ஏற்பாடு இதுதான்: இரண்டும் வேண்டும். தீ எரியும்போது கதவைத் திறந்து வைத்து, வலையை மூடி வையுங்கள். தீ தணிந்து கங்கு மட்டும் மிஞ்சும்போது கதவைச் சாத்துங்கள். ராத்திரிக் காற்று சாம்பலைக் கிளப்பாது. எரியாத நாளில் மழையும் சருகும் உள்ளே போகாது, பூனை குட்டி போடாது. கண்ணாடிக்குக் காசு இல்லையா? இரும்புத் தகட்டுக் கதவு போதும். அழகு இல்லை, ஆனால் காவல் உண்டு.

அளவு எடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். கொத்தனார் கட்டிய வாய் எப்போதும் சதுரமாக இருக்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். உயரத்தை இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். உள்ளே பொருத்துவது என்றால் இருப்பதிலேயே சின்ன அளவுதான் கணக்கு. சூட்டில் இரும்பு விரியும். இடைவெளி விடாமல் இறுக்கினால் கதவு பிடித்துக்கொள்ளும்.

"தீயை மூடு!"

கலவரம் வந்தால் போலீஸ் ஊரடங்கு உத்தரவு போடுகிறது. அதற்கு ஆங்கிலத்தில் "கர்ஃபியூ" என்கிறார்கள். அந்தச் சொல்லே அடுப்பில் பிறந்தது! பழைய பிரெஞ்சு மொழியில் அதற்கு "தீயை மூடு" என்று அர்த்தம். ராத்திரி மணி அடித்தால் எல்லாரும் கணப்பை மூடிவிட வேண்டும். அதற்கென்று செய்த உலோக மூடிக்கும் அதே பெயர்.

பிரிட்டனில் 1908-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. தடுப்பு இல்லாத கணப்பு உள்ள அறையில் 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையை விட்டு, அது செத்தாலோ பலத்த காயம் பட்டாலோ, பொறுப்பாளருக்கு அபராதம். 1952-ல் அந்த வயதை 12 ஆக உயர்த்தினார்கள்.

தடுப்பு என்றால் வலை மட்டும் அல்ல. வலை பொறியைத்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. வலையே பழுத்து நிற்கும். கண்ணாடியும் அப்படித்தான். எரிவாயுக் கணப்பின் கண்ணாடியைத் தொட்டு, அமெரிக்காவில் 1999-ல் இருந்து 2009 வரை 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கை வெந்தார்கள். அதன் பிறகு புது விதி வந்தது. 2015 முதல் தயாராகும் கணப்புகளில், கண்ணாடிச் சூடு 78 டிகிரியைத் தாண்டும் என்றால் முன்னால் ஒரு தடுப்புத் திரை கட்டாயம். 78 டிகிரி என்பது தண்ணீர் கொதிக்கிற சூடுகூட இல்லை!

குழந்தை வரும் இடம் என்றால், கணப்பில் இருந்து மூன்று, நாலு அடி தள்ளி, தரையில் பதித்த ஒரு இரும்புக் கிராதி போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு விபரீதம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன இரண்டு சுற்றுலாப் பயணிகள், வெளியே எரிய வேண்டிய பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் பிணமாகக் கிடந்தார்கள். கரிப்புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. அதை எந்த வலையும் எந்தக் கதவும் தடுக்காது. வெளியே எரிகிற தீ வெளியேதான் இருக்க வேண்டும்.

சாம்பல் அள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் வாளி கூடாது, அட்டைப் பெட்டியும் கூடாது. மூடி போட்ட தகர டின்னில் அள்ளி, தண்ணீர் ஊற்றி, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும். உள்ளே கங்கு நாள் கணக்கில்கூட உயிரோடு இருக்கும்.