வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்: பல் அடைப்பைப் பற்றி அறிந்துகொள்வோம்

எலும்பு முறிந்தால் மீண்டும் கூடுகிறது; தோல் கிழிந்தால் புதிய தோல் வளர்கிறது. நம் உடலின் பெரும்பாலான பகுதிகளுக்குத் தம்மைத் தாமே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் ஓரளவேனும் உண்டு. பல்லின் மேலுறைக்கு அந்த ஆற்றல் இல்லை. ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அது தானாக மூடுவதில்லை. கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் ஆழமாகிக்கொண்டே போகும். ஆகவேதான் இழந்த பகுதியை வேறொரு பொருளால் ஈடுசெய்யும் 'பல் அடைத்தல்' என்னும் சிகிச்சை தேவைப்படுகிறது.

பல்லில் சொத்தை இருக்கிறது, அடைத்துவிடலாம் என்று நாங்கள் கூறும்போது, "வலியே இல்லையே, இப்போது எதற்கு?" என்று நோயாளிகள் பலர் கேட்கின்றனர். இது நியாயமான கேள்விதான். பல்லின் அமைப்பை அறிந்தால் அதற்கான விடை எளிதில் விளங்கும்.

மூன்று அடுக்குகள்

பல்லின் வெளியே உள்ள வெண்மையான உறை எனாமல். மனித உடலிலேயே மிகவும் கடினமான பொருள் இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமங்களால் ஆனது. இதனை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே இழந்த எனாமல் மறுபடி வளர்வதில்லை. இதில் நரம்பும் இல்லை.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். இது எனாமலைவிட மென்மையானது. கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்குழல்களைக் கொண்டது. இவற்றுக்கு நடுவே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் அமைந்துள்ளது.

சொத்தை உண்டாகும் விதம்

சொத்தைப் பல்லில் 'பூச்சி' இருப்பதாகச் சொல்வது நம் வழக்கம். உண்மையில் அங்கே பூச்சியோ புழுவோ இல்லை. பற்களின் மேல் படியும் மெல்லிய படலத்தில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருள்களையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலில் உள்ள கனிமங்கள் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் மெல்ல அமிலத்தைத் தணித்து, இழந்த கனிமங்களில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கிறது.

இந்த இழப்பும் ஈட்டலும் நாள்தோறும் நிகழ்கின்றன. எனவே எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதோடு, எத்தனை முறை உண்கிறோம் என்பதும் முக்கியம். மணிக்கொரு முறை சர்க்கரை சேர்த்த தேநீர் அருந்துபவரின் பற்களுக்கு மீள்வதற்கான நேரமே கிடைப்பதில்லை.

தொடக்க நிலையில் சொத்தை ஒரு வெண்புள்ளியாக மட்டுமே தோன்றும். அப்போது புளூரைடு கலந்த பற்பசையும் உணவுக் கட்டுப்பாடும் அதனைத் தடுத்து நிறுத்த உதவும், அடைக்க வேண்டியதில்லை. மேற்பரப்பு உடைந்து குழி விழுந்த பின்னரே அடைப்பு தேவைப்படுகிறது.

வலி ஏன் தாமதமாக வருகிறது?

எனாமலில் நரம்பு இல்லாததால் அங்கே சொத்தை பரவும்போது நமக்குத் தெரிவதில்லை. டென்டினை எட்டும்போது குளிர்ந்த நீரும் இனிப்பும் பட்டால் சற்றுக் கூசும். பற்கூழை நெருங்கிய பிறகுதான் உறக்கத்தைக் கெடுக்கும் வலி பிறக்கிறது. அந்நிலையில் வெறும் அடைப்பு போதாமல், வேர் சிகிச்சையோ பல்லை அகற்றுவதோ தேவைப்படலாம். வலி இல்லாத காலமே, குறைந்த செலவில், குறைந்த நேரத்தில் பல்லைக் காப்பாற்ற ஏற்ற காலம்.

வலிக்கும் பல்லில் கிராம்பு வைப்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். கிராம்பில் உள்ள யூஜினால் வலியைத் தணிக்கக்கூடியதே. அதனைத் துத்தநாக ஆக்சைடுத் தூளுடன் குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல் மருத்துவர்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். ஆனால் கிராம்பு சொத்தையை நிறுத்துவதில்லை. கிராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றினால் ஈறு புண்ணாகலாம்.

சிகிச்சையின்போது நடப்பது

சொத்தையின் ஆழத்தை அறிய முதலில் எக்ஸ்ரே எடுக்கப்படலாம். தேவையானால் ஊசி மூலம் அப்பகுதி மரத்துப்போகச் செய்யப்படும். பின்னர் அழுகிய பகுதியை நீக்கிச் சுத்தம் செய்து, உரிய பொருளால் நிரப்புகிறோம். வண்ணத்தாளைக் கடிக்கச் செய்து, அடைப்பு எங்கேனும் உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சமன் செய்கிறோம். சாதாரண அடைப்பு பெரும்பாலும் ஒரே வருகையில் முடிந்துவிடும்.

அடைக்கும் பொருள்கள்

காம்போசிட் என்பது பல்லின் நிறத்திலேயே கிடைக்கும் பிசின் கலவை. பல்லின் பரப்பில் மென்மையான அமிலத்தைச் சில நொடிகள் தடவிச் சொரசொரப்பாக்கிய பின், இதனை மெல்லிய அடுக்குகளாக வைத்து நீல ஒளியால் இறுகச் செய்கிறோம். இந்த அமில முறையை 1955இல் அமெரிக்கரான மைக்கேல் புவோனோகோர் வெளியிட்டார். பல்லோடு ஒட்டும் பொருள் என்பதால், அடைப்பு கழன்றுவிடாதிருக்க நல்ல பகுதியையும் சேர்த்துக் குடைய வேண்டிய தேவை பெரிதும் குறைந்துள்ளது.

கிளாஸ் அயனோமர் பல்லோடு வேதியியல் முறையில் பிணைந்து, சிறிதளவு புளூரைடை வெளியிடுகிறது. பாற்பற்களுக்கும் ஈறோரக் குழிகளுக்கும் இது பொருத்தமானது. ஆனால் வலுவாக மெல்லும் இடங்களில் காம்போசிட் அளவுக்குத் தாங்காது.

அமால்கம் வெள்ளி நிறம் கொண்டது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவை. சுற்றுச்சூழலில் பாதரசம் சேர்வதைக் குறைக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது. அதன்வழி உலகெங்கும் அமால்கத்தின் பயன்பாடு குறைந்து வருகிறது. குறிப்பாகப் பாற்பற்களுக்கும், 15 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கும் இதனைத் தவிர்ப்பதே இன்றைய வழக்கம். முன்னரே அமால்கம் அடைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல நிலையில் உள்ள அடைப்பைக் காரணமின்றித் தோண்டி எடுக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

மரத்த உணர்வு நீங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை சூடான பானங்களையும் மென்று உண்பதையும் தவிர்க்கவும். குழந்தைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். அமால்கம் முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும் என்பதால் அப்பக்கம் கடினமான உணவை மெல்ல வேண்டாம்.

சில நாள்களுக்குக் கூச்சம் இருப்பது இயல்பு. கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முந்தி இடித்தாலோ, வலி நாளுக்கு நாள் கூடினாலோ, இரவில் தானாகவே வலித்தாலோ எங்களிடம் திரும்பி வாருங்கள். முகவீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்குவதில் அல்லது மூச்சுவிடுவதில் சிரமமோ இருந்தால் உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

ஏறத்தாழ 6 வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பாற்பல்லும் விழாமலே இது வருவதால், பெற்றோர் பலர் இதையும் விழப்போகும் பல் என்று எண்ணிச் சொத்தையைப் பொருட்படுத்துவதில்லை. விழுந்தால் இதற்கு மாற்றுப் பல் கிடையாது. பாற்பற்களையும் அலட்சியம் செய்யலாகாது. கடைவாய்ப் பாற்பற்கள் 10 முதல் 12 வயது வரை நிலையான பற்களுக்கு இடம் காத்து நிற்பவை.

முதியோர் உட்கொள்ளும் மருந்துகள் பலவும், தலை, கழுத்துப் பகுதியில் அளிக்கப்படும் கதிர்வீச்சு சிகிச்சையும் உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. வாய் உலர்ந்தால் சொத்தை விரைந்து பரவும். படுக்கையில் இருப்போரைப் பராமரிப்பவர்கள் நாள்தோறும் அவர்களின் பற்களைத் துலக்கிவிட்டு, வாயைப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களும் அதனைச் சிகிச்சைக்கு முன்பே தெரிவிக்கவும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது.

அடைத்தால் முடிந்துவிட்டதா?

அடைப்பு குழியை மூடுகிறதே தவிர, சொத்தையை உண்டாக்கிய காரணங்களைப் போக்குவதில்லை. அடைப்புக்கும் பல்லுக்கும் இடையிலான விளிம்பில் மீண்டும் சொத்தை தொடங்கலாம். நன்கு பராமரித்தால் அடைப்பு பல ஆண்டுகள் உழைக்கும். ஆயினும் ஆயுள் முழுவதும் நிலைக்கும் என்று கூற இயலாது.

காலையிலும் இரவு உறங்கும் முன்னும் புளூரைடு பற்பசையால் பல் துலக்குங்கள். உணவு வேளைகளுக்கு இடையே இனிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் பற்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை குடும்பத்தினர் எவருக்கேனும் துணையாக மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் பற்களையும் ஒருமுறை காட்டிச் செல்லுங்கள்.